மிளகு தீனியை மறுத்த நாள்

மிளகு என்ற நாய்க்குட்டி வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு 8 வாரம். வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினால் நாலு காலும் விரல்களுக்கு நடுவே தொங்கும். கறுப்பு உருண்டையாக இருந்ததால் மகள் வைத்த பெயர் அது. அவனை மடியில் வாங்கிக்கொண்ட என் மனைவி முதலில் சொன்னது, "இவனையும் ராணி மாதிரி ஆக்கிடாதீங்க."

ராணி எங்களுடைய முந்தைய நாய். 11 வருடம் எங்களோடு இருந்தாள். எல்லாத் தடுப்பூசியும் முடியும்வரை குட்டி வாசற்படியைத் தாண்டவே கூடாது என்று யாரோ சொன்னதை அப்போது வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். நாலரை மாதம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். வந்தவர்கள் யாரையும் தொடவும் விடவில்லை. முதன்முதலாகக் கயிறு கட்டி வெளியே கூட்டிப்போன அன்று, கேட்டைத் தாண்டியதும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். ஒரு சைக்கிள் போனது, அவ்வளவுதான். தூக்கிக்கொண்டுதான் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு வந்த வருடங்கள் எல்லாம் அந்த ஒரு நாள் மாதிரியேதான் இருந்தன. விருந்தாளி வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். நகம் வெட்ட இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். இடி இடித்தால் குளியலறைக் கதவைப் பிறாண்டுவாள், நகத்தில் ரத்தம் வரும்வரை. எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் எங்கள் மூன்று பேரைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவளுக்குப் பத்திரமானதாகத் தெரியவில்லை. பிறவிக் குணம் என்று சொல்லி நாங்களும் சமாதானப்பட்டுக்கொண்டோம்.

பிறவிக் குணமும் கொஞ்சம் உண்டுதான். தாய் பயந்த சுபாவமாக இருந்தால் குட்டிக்கும் அது வரலாம். ஆனால் மிளகை எடுப்பதற்கு முன்பு உட்கார்ந்து படித்தபோதுதான் எங்கள் பங்கு எவ்வளவு என்று உறைத்தது. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பல வருடம் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 3வது வாரத்திலிருந்து 12 அல்லது 14வது வாரம் வரை, குட்டியின் மூளை புதியதை 'இதுவும் உலகத்தில் உள்ளதுதான்' என்று சுலபமாக ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு புதியது என்றாலே முதலில் சந்தேகம்தான். 1961இல் ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. வேலி போட்ட மைதானத்தில், மனிதத் தொடர்பே அநேகமாக இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். வெவ்வேறு வயதில் சில குட்டிகளைக் கொஞ்ச நாள் மனிதர்களோடு பழக விட்டார்கள். 14 வாரம் வரை ஒருவரோடும் பழகாத குட்டிகள் காட்டு விலங்கு மாதிரி ஆகிவிட்டன. அதைப் படித்த இரவு எனக்கு ராணியின் முகம்தான் வந்து நின்றது.

சரி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 8 வாரத்தில் குட்டி கைக்கு வருகிறது என்றால், அந்தப் பழகும் காலத்தில் 5 வாரம் ஏற்கெனவே வேறொருவர் வீட்டில் கழிந்துவிட்டது. நம் கையில் இருப்பது 4 முதல் 6 வாரம். அதனால்தான் குட்டியை எங்கே எடுக்கிறோம் என்பதும் இதில் சேர்த்திதான். மிளகு வளர்ந்த இடத்தில் குட்டிகள் சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தன. பாத்திரம் விழும் சத்தம், பிள்ளைகள் ஓடுவது எல்லாம் அவனுக்கு முன்பே தெரியும். கொல்லைப்புறக் கூண்டில், ஆள் முகம் பார்க்காமல் வளர்ந்த குட்டியாக இருந்திருந்தால் எங்கள் வேலை இரட்டிப்பாகியிருக்கும்.

இன்னொரு சிக்கல் ஊசி. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு கொடிய நாய் நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் வரையாவது போக வேண்டும். ஒரே ஊசி போதாததற்குக் காரணம், தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது ஊசியின் வேலையையும் தடுத்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். 16 வாரம் வரை ஊசி, 14 வாரத்தில் பழகும் காலம் முடிகிறது. இதை டாக்டரிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "தரையில விடாதீங்கன்னுதான் சொன்னேன். வெளிய கூட்டிப் போகாதீங்கன்னு சொல்லலையே. தூக்கிட்டுப் போங்க."

ஒரு வரிதான். ராணிக்கு அதை யாராவது சொல்லியிருக்கலாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெரியாத நாய்கள் வந்துபோகும் புல்வெளி, தெருவோரம், மருத்துவமனைத் தரை, இவைதான் ஆபத்து. கையில் இருக்கும் குட்டியின் பாதமும் மூக்கும் அந்த மண்ணில் படப்போவதில்லை. ஊசி போட்ட, ஆரோக்கியமான நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்கும் போகலாம். அமெரிக்காவில் விலங்குகளின் நடத்தையைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008லேயே இதைச் சொல்லிவிட்டது. முதல் ஊசி போட்டு 7 நாளாவது ஆகி, குடற்புழு மருந்தும் கொடுத்திருந்தால் 7, 8 வாரக் குட்டியைக்கூடப் பழக்கும் வகுப்பில் சேர்க்கலாம் என்பது அவர்கள் நிலை. மூன்று வயதுக்குள் நாய்கள் சாவதற்குத் தொற்றுநோயைவிட நடத்தைக் கோளாறுகளே பெரிய காரணம் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். கடிக்கிறது, அடங்கவில்லை என்று கைவிடப்படும் நாய்களுக்கு என்ன ஆகிறது என்று யோசித்தால் புரியும். உங்கள் பகுதியில் பார்வோ எப்படிப் பரவுகிறது என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டி, அதில் மிளகை உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். தலை மட்டும் வெளியே இருக்கும்.

இங்கேதான் நான் அடுத்த தப்பைச் செய்தேன். ராணி விஷயத்தில் குறைவாகச் செய்தோம், அதனால் இந்த முறை அள்ளி அள்ளிக் கொடுக்க வேண்டும் என்ற வெறி. ஒரு நோட்டில் நூறு அயிட்டம் எழுதி வைத்தேன். தொப்பி போட்டவர், தாடி வைத்தவர், குடை, சக்கர நாற்காலி, ஹெல்மெட், தள்ளுவண்டி, லிஃப்ட். பார்த்தால் ஒரு டிக். அலுவலகத்தில் இலக்கு வைத்து வேலை பார்க்கிறவனின் புத்தி, வேறென்ன. ஒரு நாளில் 14 டிக் போட்டதை மனைவியிடம் பெருமையாகக் காட்டியதும் நினைவிருக்கிறது. குட்டியின் முகத்தைப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை.

11வது வாரத்தில் உறவினர் வீட்டில் ஒரு விசேஷம். முப்பது பேர். ஒரே நாளில் முப்பது டிக் என்று அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே ஒருவர் வாங்கிக்கொண்டார், அவரிடமிருந்து இன்னொருவர், கைக்குக் கை போய்க்கொண்டே இருந்தான். எல்லோருக்கும் சந்தோஷம். அவன் கொட்டாவி விட்டான், "தூக்கம் வருது பாரு" என்றார்கள். உதட்டை நக்கினான், "பசி போல" என்றார்கள். கடைசியில் சோபாவுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டான். ஒரு சிறுவன் பின்னங்காலைப் பிடித்து இழுத்தான். அப்போதுதான் மிளகு முதல் முறையாக உறுமினான். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"கடிக்கிற நாய் போலிருக்கே" என்றார் ஒருவர். "தலையில ஒண்ணு போடு, இப்பவே அடக்கணும்" என்றார் இன்னொருவர். நல்லவேளை, போடவில்லை. உறுமலை அடித்து நிறுத்தினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிதான் விழும். அவனைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்து, எப்போதும் விழுந்தடித்துக்கொண்டு தின்னும் கோழித் துண்டை மூக்கருகே நீட்டினேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எட்டு வாரத்திலிருந்து பதினொன்றாவது வாரம் வரை பல குட்டிகளுக்கு எளிதில் மிரளும் ஒரு கட்டம் வரும் என்பதை அன்றிரவுதான் படித்தேன். அந்த வயதில் ஒருமுறை நன்றாகப் பயந்தால் அது நெடுநாள் தங்கிவிடலாம். நோட்டைத் தூக்கி அலமாரிக்கு மேல் போட்டேன். அடுத்த இரண்டு நாள் எங்கேயும் போகவில்லை, அவனைத் தூங்க விட்டோம். குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். அது குறைந்தால் பிள்ளைகளைப் போலவே சிணுங்கும், கண்டதைக் கடிக்கும்.

மூன்றாவது நாளிலிருந்து என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான். தீனி வாங்குகிறானா?

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். மாலை மணி அடிக்கும் நேரத்துக்குக் கேட்டுக்கு எதிர்ப்புறம், நூறு அடிக்கு அப்பால் ஒரு திண்டில் போர்வையை விரித்து உட்கார்ந்துகொள்வேன். அவன் என் மடியில் இருப்பான். மணி அடித்ததும் காது இரண்டும் முன்னால் விறைக்கும். பிள்ளைகள் கொட்டிக் கவிழ்த்த மாதிரி வெளியே வருவார்கள். அவன் பார்ப்பான், மூக்கு மட்டும் அசையும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அழைக்க மாட்டேன். அவனாகப் பார்த்து முடித்து, திரும்பி என்னைப் பார்க்கும்போது ஒரு துண்டு. மறுபடி பார்ப்பான், மறுபடி ஒரு துண்டு. வாயில் மெதுவாக வாங்கினால் நிம்மதியாக இருக்கிறான் என்று அர்த்தம். விரலோடு சேர்த்துப் பறித்தால் கொஞ்சம் பதற்றம். வாங்கவே இல்லை என்றால் நாங்கள் அதிகம் நெருங்கிவிட்டோம், எழுந்து இருபது அடி பின்னால் போவோம். ஒரு முறை உட்கார்ந்தால் பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. இரண்டாவது வாரம் முப்பது அடியில் உட்கார்ந்திருந்தோம், அவன் மடியிலேயே தூங்கிப் போனான். எனக்கு அந்தத் தூக்கம் நூறு டிக்குக்குச் சமம்.

குட்டியை உலகத்தோடு பழக்குவதற்கு சோஷியலைசேஷன் என்று பெயர். அந்தப் பெரிய வார்த்தையைக் கேட்டு, குட்டியை எல்லோரும் தொட வேண்டும் என்று நினைத்தது எவ்வளவு தப்பு! அவனுக்கு வேண்டியது, உலகம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, தான் பத்திரமான தூரத்திலிருந்து வேடிக்கை பார்ப்பது. கிட்டே போவதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்ய வேண்டும். கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் "பாரு, ஒண்ணும் பண்ணாது" என்று பயத்துக்கு முன்னால் நிறுத்துவது பழக்குவது ஆகாது. குட்டி அசையாமல் நின்றால் பழகிவிட்டது என்று நினைப்போம். பல சமயம் அது உறைந்துபோய் நிற்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். கைத்தடி ஊன்றி நடப்பார், குரல் கனமானது, நாய் என்றால் உயிர். மிளகைப் பார்த்ததும் குனிந்து, தலைக்கு மேலே கையைக் கொண்டு வந்து, "வாடா வாடா" என்பார். தடி, குரல், மேலிருந்து வரும் கை மூன்றும் சேர்ந்து அவனை என் காலுக்குப் பின்னால் தள்ளிவிடும். தொடாதீங்க என்று ஒரு பெரியவரிடம் எப்படிச் சொல்வது? நாய்க்குட்டி வளர்ப்பதில் பாதி வேலை மனிதர்களைப் பழக்குவதுதான், அதில் தர்மசங்கடமும் அதிகம்.

தீனித் துண்டுகளை அவர் கையில் கொடுத்தேன். "ஐயா, ஒரு உதவி. அவனைப் பார்க்காம, கூப்பிடாம, இதை அவனுக்குப் பின்னால எறியுங்க."

"பின்னாலயா? என் கையில வந்து வாங்கிக்கட்டுமே தம்பி."

வந்து வாங்குவான்தான், குட்டிக்கு ஆசை விடாது. கழுத்தை நீட்டி, பின்னங்கால் இரண்டையும் ஓடத் தயாராக வைத்துக்கொண்டு வாங்குவான். தின்று முடித்ததும், தான் பயப்படும் ஆளுக்கு இவ்வளவு கிட்டே நிற்கிறோமே என்று திடுக்கிடுவான். பின்னால் எறிந்தால் கதை வேறு. தின்ன வேண்டுமென்றால் விலகிப் போக வேண்டும், விலகினால் நிம்மதி. தின்றுவிட்டுத் திரும்பி வந்தால் அது அவனாக எடுத்த முடிவு.

பெரியவர் நம்பாமல்தான் எறிந்தார். முதல் நாள் நாலு துண்டு. மிளகு ஆறடிக்குக் கிட்டே வரவில்லை. ஐந்தாவது நாளா ஆறாவது நாளா தெரியவில்லை, பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து என்னோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார், தடி அவர் முழங்காலில் சாய்ந்திருந்தது. மிளகு மெல்ல வந்து தடியின் நுனியை மோந்தான். ரப்பரை ஒரு நக்கு நக்கினான். அவர் பேச்சை நிறுத்தவில்லை, கையையும் அசைக்கவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது. பிறகுதான் தொட்டார், மோவாய்க்குக் கீழே, மூன்று எண்ணும்வரை. கையை எடுத்தார். மிளகு அவர் கைக்குள் தலையை நுழைத்தான். இந்த மூன்று எண்ணும் வழக்கத்தை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். தொடு, எண்ணு, நிறுத்து. குட்டி மறுபடி ஒட்டி வந்தால் தொடலாம், விலகினால் விட்டுவிட வேண்டும்.

மற்ற நாய்கள் விஷயத்திலும் ஒரு அடி பட்டோம். நண்பர் ஒருவரின் பெரிய ஆண் நாய், நல்ல நாய்தான், விளையாட்டில் மட்டும் முரடு. "விடுங்க, அதுங்களே சரி பண்ணிக்கும்" என்றார். அது மிளகை ஒரு காலால் அமுக்கிப் பிடித்தது, இவன் வீறிட்டான். சரி பண்ணிக்கொள்ளாது. இரண்டும் மாறி மாறித் துரத்துகிறதா, முன்னங்கால்களைத் தரையில் பதித்துப் பின்பக்கத்தை உயர்த்தி 'வா விளையாடலாம்' என்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் பெரியதைப் பிடித்துக்கொண்டு சின்னதை விடுங்கள். மறுபடி அதனிடமே ஓடினால் அது விளையாட்டு, ஒளிந்துகொண்டால் போதும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு, ஏழு வயதான, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஒரு பெண் நாயைத் தேடிப் பிடித்தோம். மிளகு அவள் வாலைக் கடித்தால் ஒரு 'உர்', அவ்வளவுதான். நாங்கள் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்ததை அவள் ஒரு மதியத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டாள். வழியில் பார்க்கிற நாய்க்கெல்லாம் போய் வணக்கம் சொல்லவும் விடாதீர்கள். பிறகு எந்த நாயைப் பார்த்தாலும் கயிற்றை அறுத்துக்கொண்டு கத்தும்.

வீட்டுக்குள் செய்தது சொல்லப்போனால் சின்னச் சின்ன வேலைகள். பாதத்தைத் தொட்டால் ஒரு துண்டு, காது மடலைத் தூக்கினால் ஒரு துண்டு, உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தால் ஒரு துண்டு. நகவெட்டியை முதல் வாரம் பக்கத்தில் வைத்ததோடு சரி. பிறகு அவன் முன்னால் காய்ந்த குச்சியை அதில் வெட்டி அந்த 'டக்' சத்தத்தைப் பழக்கினோம். அதன் பிறகுதான் ஒரு நகம், ஒரே ஒரு நகம். இன்று தூக்கக் கலக்கத்தில் காலை நீட்டிக் கொடுக்கிறான். இடிச் சத்தம், வெடிச் சத்தம் இவற்றைப் போனில் பதிவாக, காதில் விழுமா விழாதா என்ற அளவில், அவன் சாப்பிடும்போது ஓட விட்டோம். தட்டிலிருந்து தலையைத் தூக்கினால் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். குடையை மூடியபடி தரையில் கிடத்தி வைத்தோம், மறுநாள் பாதி விரித்து, அப்புறம் முழுக்க. தனியாக இருக்கப் பழகுவதும் இதில் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அரை நிமிடத்தில் தொடங்கி அரை மணி வரைக்கும் கொண்டுபோனோம், நாளுக்கு நாள் கொஞ்சமாக.

பயந்தால் கொஞ்சாதே, கொஞ்சினால் பயம் வளரும் என்று இப்போதும் சொல்கிறார்கள். நான் அதை நம்புவதில்லை. பயம் என்பது உட்கார், எழுந்திரு மாதிரி தீனி கொடுத்து வளர்க்கும் பழக்கம் இல்லையே. என்னிடம் ஓடி வருகிறவனை அணைத்துக்கொள்கிறேன். ராணியையும் அப்படித்தான் அணைத்திருக்க வேண்டும். அவளுடைய கடைசி இரண்டு வருடம் அவசரப்படுத்தாமல் மெல்லப் பழக்கிப் பார்த்தோம். விருந்தாளி வந்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டும் அளவுக்கு வந்தாள். 14 வாரத்தோடு கதவு அடைத்துக்கொள்வதில்லை, ஒருக்களித்துக்கொள்கிறது. அப்புறம் அதைத் திறக்க வருடக்கணக்காகும்.

மிளகுக்கு 8 மாதம் ஆனபோது எல்லாம் பாழாய்ப் போனது என்று ஒரு வாரம் நினைத்தேன். தினமும் போகிற வழியில் யாரோ வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். காற்றில் அது படபடத்ததும் வாலை இடுக்கிக்கொண்டு பின்வாங்கினான். குரைத்தான், முதுகு மயிர் நட்டுக்கொண்டது. பதின்பருவத்தில், ஆறிலிருந்து பதினாலு மாதத்துக்குள், இப்படி இன்னொரு மிரட்சிக் கட்டம் பல நாய்களுக்கு வரும். இழுக்கவில்லை, திட்டவில்லை, எதிர்ப்பக்கம் மாறி நின்றோம், பள்ளிக்கூடத்து வாசலில் செய்தது போலவே. பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். அன்று வாங்கவில்லை. நாலாவது நாள் வாங்கினான்.

இப்போது அவனுக்கு இரண்டு வயது. பலூன் வெடித்தால் இன்னமும் அடுத்த அறைக்குப் போய்விடுகிறான், நாங்களும் விட்டுவிட்டோம். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவர் புதுக் கைத்தடி வாங்கினார். நுனியில் ரப்பர் இல்லை, தரையில் 'டக் டக்'கென்று இரும்புச் சத்தம். வாசலில் அதைக் கேட்டதும் மிளகு இரண்டடி பின்னால் போனான். நான் தீனிப் பைக்குள் கையை விட்டேன். அதற்குள் பெரியவர் நின்று, தடியை அசைக்காமல், தன் சட்டைப் பையிலிருந்தே ஒரு துண்டை எடுத்தார். அவனைப் பார்க்கவே இல்லை. அவனுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, "அப்புறம், வீட்ல எல்லாரும் சௌக்கியமா தம்பி?" என்றார்.